நஞ்சுக்காரியின் பக்கங்கள்

...இல்லை, அது வயிறு இல்லை, நாற்காலி, நாற்காலிதான் முனகியது, என் வயிற்றுக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டுத்தான் இந்தக் கூண்டுக்குள் நுழைந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் அண்ணன் நம்பப்போவதில்லை, பதினாறு வருடமாக இங்கே எந்தச் சத்தம் வந்தாலும் அவருக்கு அது என் வயிறுதான். விரலைச் சுழற்றுகிறார், மறுபடி முதலிலிருந்தாம். சரி, மறுபடி. பேசுவதுதான் என் பிழைப்பு, லிஃப்டில் ‘கதவு மூடுகிறது’ என்பவள் நான், வங்கிக்குப் போன் செய்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்பவள் நான், நான் சொன்னால் ஊரே காத்திருக்கிறது, வீட்டில்தான் ஒரு ஜீவன் மதிப்பதில்லை. மற்ற நாளெல்லாம் ஒலிப்புத்தகம். இன்றைக்கு ‘பசித்த கோட்டை’ இரண்டாம் பாகம், ஒன்பதாம் அத்தியாயம், எழுதியவள் மைக்கூடு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, பேனா ஒழுகி ஒழுகி அவள் விரல் எப்போதும் நீலமாக இருக்கும், அதனால் நான் வைத்த பெயர், இன்று அட்டையில் வேறு பெயர் போட்டுக்கொண்டு பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டாள், எனக்கு அவள் மைக்கூடுதான். ரத்தமும் சூனியமுமாக எழுதுகிறாள், குழந்தைகள் கேட்கக் கூடாது என்று நானே முன்னால் ஓர் எச்சரிக்கை படிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டையில் செத்தவர்கள் வெளியேற முடியாது, ஒரு சாவுக்குச் சாட்சியாக இருந்த அத்தனை பேரும் உண்மையைச் சொல்லி முடிக்கும்வரை பிணம் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருக்கும், அதுதான் கதை. கதையை ஐந்து பேர் சொல்கிறார்கள், ஐந்து பேருக்கும் ஐந்து குரல், அரசனுக்காக விஷம் காய்ச்சும் நஞ்சுக்காரி நான், அவளைக் கட்டிக்கொண்ட தலைவெட்டிக்குக் குரல் கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஒரு செய்தி வாசிப்பாளர். நஞ்சுக்காரியை உன் குரலுக்காகத்தான் எழுதினேன் என்று மைக்கூடு பின்னால் ஒரு விருது மேடையிலேயே சொன்னாள், நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

இந்த முறை ஒரு புது விதி வேறு. முதல் பாகத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் முழுப் புத்தகமும் கொடுத்தார்கள், இப்போது அவரவர் பக்கம் மட்டும் அவரவருக்கு, தலைவெட்டி என்ன சொல்கிறான் என்று நஞ்சுக்காரிக்குத் தெரியாது, அவள் சொல்வது அவனுக்குத் தெரியாது. ஏன்டி இப்படி என்று போனில் கேட்டேன், ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா குரல்ல ஒரு பொய் வந்துடும் என்றாள். எனக்கு அது பெரிய கலையாகத் தோன்றியது, வீட்டில் என் புருஷனிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன், அவர் ம் என்றார், அவர் எதற்கும் ம் என்பார், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நாள் முழுதும் ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வரும்போது அவரிடம் வார்த்தை மிச்சமிருக்காது. என் பக்கங்களையும் நான் முன்கூட்டிப் படிப்பதில்லை, அது என் கெட்ட பழக்கம், முதல் தடவை கண் படும்போது குரலில் ஒரு சூடு இருக்கும், இரண்டாம் தடவை அது ஆறிப்போகும், படிச்சுட்டு வாங்கம்மா என்று அண்ணன் பதினாறு வருடமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார், நானும் பதினாறு வருடமாகச் சரி என்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது.

‘என் தந்தை கோட்டையின் வாயிற்காவலர். வலது கை கல்லாகிப் போன பிறகு, இடது கை மோதிரம்தான் அவருக்கு நாக்கு. செம்புக் கிண்ணத்தில் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார், ஈ உட்கார்ந்தால் தட்டுவார், ஒன்றுமே இல்லாவிட்டாலும் தட்டுவார்.’ நன்றாக வருகிறது குரல், கீழே இறங்கி, அடித்தொண்டையில்... வாய் படித்துக்கொண்டே போகிறது, மூளை ஒரு வரி பின்தங்கி நிற்கிறது, இது அப்பா இல்லையா? என் அப்பா. செம்புக் கிண்ணம் இல்லை, எவர்சில்வர் டம்ளர், மோதிரம் இல்லை, கரண்டி, மற்றபடி அப்பாதான், பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போய் நாலு வருடம் முன்னறைக் கட்டிலில் கிடந்து டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்த அப்பா. அடிப்பாவி. கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை, உங்க அப்பாவ எடுத்துக்கட்டுமாடி என்று, நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்து அவர் கட்டிலோரம் உட்கார்ந்தாளே, டம்ளர் சத்தம் கேட்டதும் நான் எழுந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே, அப்போதே குறிப்பு எடுத்திருப்பாள். எழுதுகிறவளோடு சிநேகம் வைத்தால் வாசலையும் பூட்ட வேண்டும், வாயையும் பூட்ட வேண்டும். சரி, போகட்டும், டம்ளர் ஊரறிந்த விஷயம், பக்கத்து வீட்டுக்காரர்களே அதைக் கேட்டுத்தான் மணி பார்ப்பார்கள், அதை எடுத்துக்கொண்டாள் என்று சண்டைக்குப் போனால் எனக்குத்தான் அசிங்கம். பக்கத்தைச் சத்தமில்லாமல் நகர்த்துகிறேன், மூச்சு இழுக்கிறேன்.

‘அன்று நான் கூந்தலில் கரும்பசை பூசியிருந்தேன். எழுந்தால் தரையெல்லாம் சொட்டும். அவர் தட்டியது எனக்குக் கேட்டது. பசை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.’ நான் இதைப் படித்தேனா? படித்திருக்கிறேன், கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் தலையாட்டுகிறார், நல்லா வருதும்மா என்ற தலையாட்டல், அப்படியானால் வாய் படித்திருக்கிறது. வாய் நல்ல வேலைக்காரி, வீடு எரிந்தாலும் தன் வேலையைப் பார்க்கும். இது மைக்கூட்டுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. ஊருக்கு நான் சொன்னது கடைக்குப் போயிருந்தேன், வந்து பார்த்தால் அப்பா இல்லை. அதையேதான் மைக்கூட்டுக்கும் சொன்னேன், கடல் தாண்டி இருக்கும் அக்காவுக்கும் சொன்னேன், எந்தக் கடை என்றுகூடச் சொன்னேன், தயிர் தீர்ந்துவிட்டது என்று தயிரைக்கூடச் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் பின்கட்டுக் குளியலறை வாசலில், ஸ்டூலில், தலை முழுக்க சாயத்தோடு, கையில் அந்த மெல்லிய உறையோடு, தோளில் பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தேன், இருபத்தைந்து நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தது, பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மறுநாள் முதல் பாகத்தின் வெளியீட்டு விழா, மேடையேற வேண்டும், நரையோடு ஏற எனக்கு மனமில்லை. டம்ளர் சத்தம் கேட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற சத்தம்தானே, விசிறியாக இருக்கும், போர்வையாக இருக்கும், இதோ வருகிறேன் என்றுகூட நான் குரல் கொடுக்கவில்லை, கொடுத்தால் வர வேண்டுமே... நாலு வருடத்தில் அந்த ஒரு தடவை, எனக்கு என்று இருபத்தைந்து நிமிடம் வேண்டும் என்று இருந்தது. தலையை அலசிவிட்டுப் போனபோது கண் திறந்திருந்தது, டம்ளர் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மூன்றாம் நாள் வந்து சேர்ந்த அக்கா என் முகத்தைப் பிடித்து, காதுக்குப் பின்னால என்னடி கறுப்பா இருக்கு என்று கேட்டாள், கண்மை என்றேன், கண்மை காதுக்குப் பின்னால் எப்படிப் போகும் என்று அவள் கேட்கவில்லை. அக்கா என் ஒலிப்புத்தகம் ஒன்றையும் விடமாட்டாள், காரில் வேலைக்குப் போகும்போது உன் குரல்தான்டி எனக்குத் துணை என்பாள். கரும்பசை என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தால் போதும், வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆக, யாரிடம் சொன்னேன்? ஒருவரிடம். ஒரே ஒருவரிடம், அப்பா போய் எட்டு மாதம் கழித்து, ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருந்த ஒரு பகல் பொழுதில், ஏன் அன்று சொன்னேன் என்று இன்றும் தெரியாது, முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் இருந்தான், என் புருஷனிடம் சொன்னேன், நான் கடைக்குப் போகவே இல்லைங்க... சாயம், ஸ்டூல், எல்லாம் சொன்னேன். அதை அவர் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த மனுஷனுக்கு ரகசியத்தைக் காப்பது கஷ்டமே இல்லை, ம் என்பதைத் தவிர எதுவும் பேசாதவர், அந்த நம்பிக்கையில்தான்... ‘ஏழு முறை தட்டினார். பிறகு கோட்டை அமைதியாகிவிட்டது. பசை காய்ந்ததும் எழுந்து போனேன்.’

சிவப்பு விளக்கு அணைகிறது. அண்ணன் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறார், இரைச்சலோடு அவர் குரல் காதில் வருகிறது. “மா, ஏழுன்னு இருக்கு. நீங்க பதினொண்ணுன்னு படிக்கிறீங்க.”

அப்படியா படித்தேன்? கீழே பார்க்கிறேன், ஏழுதான், தெளிவாக ஏழு. சாரிண்ணே என்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், புட்டி மைக்கில் இடிக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடிக்கிறேன். ஏனென்றால் பதினொன்றுதான். நாலு, ஒரு இடைவெளி, நாலு, ஒரு இடைவெளி, அப்புறம் இரண்டு, கடைசி ஒன்று தட்டலே இல்லை, கரண்டி கையிலிருந்து நழுவி டம்ளரில் உரசிய சத்தம், அதையும் எண்ணினால் பதினொன்று. எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அதை என்னைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள், கேட்டில் நின்ற வண்டியில் அவரிடமும் ஏழு என்றுதான் சொன்னேன். பதினொன்று என்று சொல்ல நாக்கு வரவில்லை, பதினொன்று கேட்டும் எழவில்லை என்றால் அவள் என்ன மாதிரிப் பெண், ஏழு என்றால் கொஞ்சம் மனுஷத்தனம் மிச்சமிருப்பது மாதிரி எனக்கு ஒரு கணக்கு. அந்த ஏழு இப்போது அச்சில் என் மடியில் கிடக்கிறது. சந்தேகப்படக்கூட இடமில்லை, என் பொய்யை அவரிடம் கொடுத்தேன், அவர் மைக்கூட்டிடம் கொடுத்தார், மைக்கூடு புத்தகத்தில் போட்டு எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாள், என் வாயாலேயே படிக்கவும் சொல்கிறாள். எப்போது சொன்னார், எங்கே? போன வருடம் அவள் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க நாலைந்து தடவை கடைக்குப் போனாள், விளக்கை அணைத்துவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டுவாரே அந்தச் சின்ன அறை, அங்கேயா? எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை எடுத்து அவள் கையில் வைக்க இவருக்கு எப்படி மனம் வந்தது? அவளோடு படுத்துத் தொலைத்திருந்தால்கூட இந்த எரிச்சல் எரியாது, அதற்காவது ஊரில் பெயர் இருக்கிறது, திட்டுவதற்கு வார்த்தை இருக்கிறது, நான் போய் முந்தானையை உதறிக்கொண்டு அழலாம். இதற்கு என்ன பெயர்? கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள், இங்கே குழியைப் பறித்து, அதற்குள் படுத்துக்கொண்டு வாசி என்று மைக்கையும் கொடுத்திருக்கிறார்கள்.

எழுந்து போய்விடலாம். செருப்பை மாட்டிக்கொண்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு... போனால் என்ன, வேறு ஒருத்தி வந்து படிப்பாள், அக்கா காரில் வேறு குரலில் கேட்பாள், கரும்பசை கரும்பசையாகத்தான் இருக்கும், அதோடு தங்கச்சி ஏன் இந்தப் பாகத்தில் படிக்கவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். படித்தாலும் மாட்டுவேன், ஓடினாலும் மாட்டுவேன். மைக்கூட்டையே கூப்பிட்டு, இந்த வரியை எடுத்துடுடி என்று கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது, எடுக்கச் சொன்னால் உண்மை என்று ஒத்துக்கொண்ட மாதிரி, அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, தெரிந்தவளிடம் எதை மறைக்கிறேன் நான்? ஒன்று மட்டும் தெரிய வேண்டும் எனக்கு. அவர் அதை எப்படிச் சொன்னார்? பரிதாபமாகவா, பாவம் என் பெண்டாட்டி என்றா? அருவருப்பாகவா? நஞ்சுக்காரியின் புருஷன் தலைவெட்டி, அப்படியென்றால் என் புருஷன் அந்தப் பக்கங்களில் இருப்பார். கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். அண்ணன் பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றுகிறார், உடம்புக்கு முடியலையாம்மா என்கிறார். தலைவெட்டியோட பதிவு முடிஞ்சதா அண்ணே என்று கேட்டேன், போன வாரமே முடிந்துவிட்டதாம். காவலர் சாகும் இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள் என்றேன். விதியைச் சொன்னார், எழுத்தாளரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார், நான் நகரவில்லை, என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சுவரைப் பார்த்துக்கொண்டே சுட்டியை நகர்த்தினார், எனக்கு ஹெட்போனைக் கொடுத்துவிட்டு, நான் டீ குடிக்கப் போறேன், நான் எதையும் போடலை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

செய்தி வாசிப்பாளர் எதைப் படித்தாலும் நாளை மழைக்கு வாய்ப்பு என்பது போலத்தான் படிப்பார், கழுத்தை வெட்டுவதையும் அப்படித்தான் படிப்பார், நாங்கள் எல்லாம் சிரிப்போம். ‘மறந்துபோன கையுறையை எடுக்க அன்று நடுப்பகலில் கோட்டைக்குத் திரும்பினேன். நான் வந்தது யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் ஒரு கால் வைத்தபோது கிழவர் கிண்ணத்தைத் தட்டினார். அவள் போவாள் என்று நின்றேன். அவள்தான் எப்போதும் போவாள். மீண்டும் தட்டினார். நான் போனால் அன்றைய பொழுது முழுக்க அவரோடு கழியும். நின்றேன். பதினொரு முறை. பதினொன்றாவது தட்டல்கூட இல்லை, மோதிரம் கிண்ணத்தில் நழுவிய சத்தம். பிறகு நான் வந்த வழியே வெளியேறினேன். அவளுடைய ஆள் என்னைத் தேடி வந்தபோது, கோட்டைச் சுவருக்கு வெளியேதான் இருந்தேன். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கிக்காட்டினேன்.’

மறுபடி ஓட்டினேன். மறுபடி. பதினொன்று என்ற எண் தற்செயலாக யாருக்கும் வாய்க்கலாம், நழுவிய சத்தம் வாய்க்குமா? அதைக் கேட்ட காது வேண்டும், அந்த வீட்டுக்குள், அந்த நேரத்தில். அன்று நான் அவர் கடைக்குப் போன் செய்யவில்லை, அவர் கைப்பேசிக்குத்தான் செய்தேன், கடையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம், அவர் ஐந்து நிமிடத்தில் வந்து நின்றார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, சட்டை நனைந்து, எனக்காகப் பறந்து வந்திருக்கிறார் என்று அந்த நிலையிலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக அப்புறம் எத்தனை நாள் வெட்கப்பட்டேன். ஆறு வருடம். ஆறு வருடமாக அந்த வீட்டில் ஒரு கொலைகாரிதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அவர் என்னை விட்டுப் போகாமல் இருப்பதே பெரிய மனசு என்று... நான் ராத்திரியெல்லாம் புரண்டபோது பக்கத்தில் படுத்திருந்தாரே, தூங்கு என்று முதுகில் தட்டினாரே. பங்காளி ஒருத்தர் பக்கத்திலேயே இருந்தும் பாரம் முழுவதையும் என் தலையிலேயே வைத்துவிட்டு நின்றிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, மனிதன் பயப்படுவான். கடைசியில் வாயைத் திறந்தவர் என்னிடம் திறக்கவில்லையே. நான் எதிரே சாப்பாடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, எவளோ ஒருத்தியிடம், சரி எவளோ இல்லை, என் மைக்கூட்டிடம், அவளிடம் போய் அழுதிருக்கிறார். அவளும் கேட்டுக்கொண்டு, இரண்டாகக் கிழித்து, ஆளுக்குப் பாதிப் பக்கம் என்று விதி போட்டிருக்கிறாள். நான் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று போட்டாளா, கண்டுபிடிக்கட்டும் என்றேதான் போட்டாளா, அதுகூட இப்போது விளங்கவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமுகிறார். அவருக்கும் ஹெட்போன் வழியாகக் கசிந்தது கேட்டிருக்கிறது, ஆனால் அவருக்குக் கேட்டது வேறு. “நானே சொல்லணும்னு இருந்தேம்மா. இங்க ஏழு, அங்க பதினொண்ணு, நீங்களும் பதினொண்ணுன்னு படிச்சீங்க. ஒரே சாவுக்கு ரெண்டு நம்பர் எப்படி? அச்சுப்பிழைதான். எழுத்தாளரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடவா?”

“பிழை இல்லைண்ணே,” என்றேன். “அவ ஏழுன்னுதான் சொன்னா.”

அவர் புரிந்தது மாதிரித் தலையாட்டினார், நானும் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன், நாற்காலி முனகியது, இந்த முறை அவர் வயிறு என்று சைகை காட்டவில்லை. அவ சொன்னா. எங்கே சொன்னாள்? கேட்டில், வண்டிக்குள், லாரிக்குப் பின்னால். சொல்லி முடித்ததும் அவர் ம் என்று சொல்லவில்லை, அதை எப்படி மறந்தேன்? ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்து, என் பக்கம் திரும்பி, ஏழுதானா என்று கேட்டார். ஏழுதானா? ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன், ஏழு ஒன்றும் அதிகமில்லையே என்கிற மாதிரி, மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்ததா, ஏதோ சொல்ல வந்த மாதிரி... ஆமாங்க ஏழுதான் என்று நான் சொன்னேன், அவசரமாக, அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே. ரயில் போனது, கேட்டைத் தூக்கினார்கள், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், அவர் முன்னால் திரும்பி வண்டியை எடுத்தார். அன்று நான் பதினொன்று என்று சொல்லியிருந்தால், ஒருவேளை அவரும்...